வெனிஸ் நகரில் விருந்தினன்: ஷெல்லியின் ‘யூலியனும் மடாலோவும்’ பற்றிய ஓர் ஆய்வு

மேலைத்தேயக் கவிஞர் பாடிய நகரங்களுள் வெனிசுக்குத் தனியிடம் உண்டு. கடற்கழியின் நடுவே எழுந்த மாளிகைகளும், தெருக்களின் தொழிலைச் செய்யும் கால்வாய்களும், கரிய கொண்டோலா ஓடங்களும் புலவர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவருட் பெரும்பாலார் தாம் கண்ட காட்சிகளை நிரல்பட வருணித்து, நகரின் பழம்பெருமைக்கு இரங்கி அமைந்தனர். காண்பவன் எங்கே நின்று காண்கின்றான், அவனை அவ்விடத்தில் நிறுத்தியவர் யார் என்னும் வினாக்களை எழுப்பினார் சிலரே. நண்பனைக் காண வேற்றூர் சென்றவன் அவ்வூரைத் தன் கண்ணால் மாத்திரம் காண்பதில்லை. நண்பனின் கண்ணும் உடனிருந்து காட்டுகின்றது. இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஆங்கிலக் கவிதை ஷெல்லி இயற்றிய ‘யூலியனும் மடாலோவும்’ என்பதாகும். 617 அடிகளால் இயன்ற இதற்குக் கவிஞர் இட்ட துணைப்பெயர் ‘ஓர் உரையாடல்’ என்பது.

கவிதை எழுந்த சூழல்

1818ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஷெல்லி தம் மனைவி மேரியுடனும் குழந்தைகளுடனும் இங்கிலாந்தை விட்டு இத்தாலிக்குச் சென்றார். மேரியின் சிறிய தாயார் மகளாகிய கிளேர் கிளேர்மொண்டும் உடன் சென்றார். கிளேருக்கும் பைரனுக்கும் பிறந்த அலெக்ரா என்னும் பெண்குழந்தை அவ்வாண்டின் வசந்த காலத்திலே வெனிசில் வாழ்ந்த தந்தையிடம் அனுப்பப்பட்டது. பைரனோ கிளேரைக் காண விரும்பினாரல்லர். குழந்தையைக் காணாது வருந்திய தாயின் பொருட்டுப் பேசவே ஷெல்லி கிளேருடன் ஆகஸ்டு மாதத்திலே வெனிசை நோக்கிப் புறப்பட்டார். 22ஆந் திகதி நள்ளிரவிலே, இடிக்கும் மழைக்கும் இடையே, ஓடத்தில் அந்நகரை அடைந்தார். மறுநாட் பிற்பகல் மூன்று மணிக்குப் பைரனைச் சந்தித்தார். பைரன் அவரைத் தம் கொண்டோலாவில் ஏற்றி, லீடோ என்னும் நீண்ட மணற்றிட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நண்பர் இருவரும் குதிரைமீதமர்ந்து கடலோரமாகச் சென்று நெடுநேரம் உரையாடினர்.

இந்நிகழ்ச்சியே கவிதையின் வித்து. யூலியன் என்னும் ஆங்கில இளைஞனிடத்து ஷெல்லியின் சாயலும், மடாலோ என்னும் வெனிஸ் பிரபுவினிடத்துப் பைரனின் சாயலும் வெளிப்படையாக உள்ளன. நண்பர் இருவரும் மாலைப்பொழுதிலே லீடோவில் உலாவுகின்றனர். மனிதனின் மனவலிமை குறித்து வாதிடுகின்றனர். ஓடத்தில் திரும்புங்கால் ஒரு தீவிலே பித்தர் விடுதியைக் காண்கின்றனர். மறுநாட் காலை யூலியன் மடாலோவின் மாளிகைக்குச் சென்று அவன் குழந்தையுடன் விளையாடுகின்றான். பின்னர் இருவரும் அவ்விடுதிக்குச் சென்று, காதலால் நலிந்து அறிவு திரிந்த ஒருவனின் புலம்பலைக் கேட்கின்றனர். அடுத்த நாள் யூலியன் நகரை விட்டு நீங்குகின்றான். பல்லாண்டு கழித்து அவன் மீண்டு வருவதோடு கவிதை முடிகின்றது.

கதை இத்துணைச் சிறியது. எனினும் இதன் நடை ஷெல்லியின் ஏனைய பாடல்களினின்றும் வேறுபட்டது. கல்வியும் பண்பும் உடையோர் தம்முள் உரையாடும் பழகுமொழியையே கவிஞர் இங்குக் கையாண்டார். ஈற்றியைபு கொண்ட ஈரடி யாப்பினையே அவர் மேற்கொண்டாராயினும், போப் முதலிய முன்னோர் போல ஈரடியிலே கருத்தை முடித்துவிடுவதில்லை. கருத்து அடியைக் கடந்து ஓடுகின்றது; இடையிலே நிற்கின்றது; மறுமொழியால் வெட்டப்படுகின்றது. இயைபு இருப்பதையே படிப்போர் மறந்துவிடும் அளவுக்குப் பேச்சின் ஓசை மேலோங்கி நிற்கின்றது. ஷெல்லியை வானத்திலே பறக்கும் கவிஞர் என்றே அறிந்திருப்போர், நிலத்திலே நடக்கவும் அவர் வல்லவர் என்பதை இக்கவிதையால் உணர்வர்.

இரு காட்சிகள்

பைரன் தமது ‘சைல்ட் ஹரோல்ட்’ காவியத்தின் நான்காம் காண்டத்தை 1818ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதுவும் வெனிசிலேதான் தொடங்குகின்றது. கோமகன் அரண்மனையையும் சிறைச்சாலையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலத்தின்மீது நின்று, தனியனாகிய பயணி நகரின் வீழ்ச்சியை எண்ணுகின்றான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த வெனிஸ் குடியரசு 1797ஆம் ஆண்டிலே நெப்போலியன் முன் வீழ்ந்தது. கவிஞர் இருவரும் சந்தித்த காலத்தில் நகரம் ஒஸ்திரியரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே அழிந்த பெருமைக்கு இரங்குதல் அக்காலத்துப் பயணிகட்கு இயல்பாயிற்று. ஷெல்லியும் 1818 ஒக்டோபரிலே எழுதிய ‘யூகேனியக் குன்றுகளிடையே’ என்னும் பாடலில் அவ்வாறே இரங்கியுள்ளார்.

‘யூலியனும் மடாலோவும்’ இவ்விரண்டினின்றும் விலகிச் செல்கின்றது. புகழ்பெற்ற கட்டடங்களைப் பெயர் கூறி ஒன்றொன்றாக வருணிக்கும் முயற்சி இதில் இல்லை. கவிதை தொடங்குவது நகரிலன்று. நகருக்கு அப்பாலுள்ள வெறுமணலிலே. முட்செடிகளும், உவர்நிலப் பூண்டுகளும், மீனவர் விட்டுச் சென்ற சின்னஞ்சிறு பொருள்களுமே அங்குள்ளவை. பிற்காலத்திலே கடலாடுவோர் திரளும் உல்லாச இடமாக மாறிய லீடோ, அந்நாளில் இங்ஙனம் ஆளற்றுக் கிடந்தது. எல்லையற்ற வெளியை விரும்பும் யூலியனுக்கு அவ்விடம் உவப்பளிக்கின்றது. தன் உள்ளமும் அவ்வாறு எல்லையற்றது என்று நம்ப விரும்புபவன் அவன். அவனுடைய கொள்கை வாதத்தில் வெளிப்படுமுன்னரே நிலக்காட்சியில் வெளிப்பட்டுவிடுகின்றது.

பின்னர் ஞாயிறு மறைகின்றது. மேற்கே யூகேனியக் குன்றுகளும், நீர்மேல் மிதக்கும் நகரும், ஒளியிலே கரைந்து ஒன்றாகின்றன. யூலியன் மெய்ம்மறந்து நிற்கின்றான். சுற்றுலாப் பாடல் ஒன்றாயின் இங்கே முடிந்திருக்கும். ஆனால், இதனினும் சிறந்த இடத்திலிருந்து காட்டுவேன் என்று மடாலோ ஓடத்தைத் திருப்பச் செய்கின்றான். அவ்விடத்தை அடைந்ததும், ஞாயிற்றுக்கும் காண்போருக்கும் நடுவே ஒரு தீவு எதிர்ப்படுகின்றது. அதிலே சாளரமற்ற அவலட்சணமான ஒரு கட்டடம். அதன்மேல் ஒரு மணிக்கூடு. ஒளியின் முன்னே கருநிழலாய் அது நிற்கின்றது. அது பித்தர் விடுதி. மாலைத் தொழுகைக்கு அவர்களை அழைக்கும் மணி ஒலிக்கின்றது.

இக்காட்சி அமைப்பே கவிதையின் உயிர்நிலை. இரு காட்சிகளிலும் அதே ஞாயிறு, அதே நீர்ப்பரப்பு, அதே நகர். நிற்கும் இடம் மாத்திரம் மாறியது. அழகுக்கும் கண்ணுக்கும் இடையே துன்பம் வந்து நின்றது. அவ்விடத்தைத் தெரிந்தெடுத்தவன் விருந்தினனல்லன், ஊரையறிந்த நண்பன். விருந்தினனாகத் தனித்து வந்தவன் முதற்காட்சியோடு திரும்பியிருப்பான். கடலும் எற்பாடும் கூடிய நெய்தலுக்கு இரங்கலையே உரிப்பொருளாக்கினர் தமிழ்ச் சான்றோர். அம்மரபை அறியாத கவிஞரும் கடற்கரை மாலையிலிருந்து இரங்கலுக்கே செல்கின்றார் என்பது நோக்கற்பாலது.

அத்தீவு சான் சேர்வோலோ எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. 18ஆம் நூற்றாண்டு முதல் மனநோயாளர் அங்கு வைக்கப்பட்டனர். இத்தாலியிலே மனநோய் விடுதிகளை மூடுதற்கு வழிசெய்த சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அவ்விடுதியும் மூடப்பட்டது. இன்று அத்தீவிலே ஒரு பல்கலைக்கழகமும், பழைய விடுதியின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமும் உள்ளன. மணியோசை கேட்டுத் தூரத்தே நின்ற பயணிகள் இப்போது உள்ளே சென்று காணலாம்.

வழக்கும் சான்றும்

இக்கவிதையை இரு கொள்கைகளின் வாதம் எனக் கொள்வார் பலர். மனிதன் படும் துன்பத்திற் பெரும்பங்கு அவன் மனம் இசைந்து ஏற்றுக்கொண்டதே. உறுதிகொண்டால் அதனை வெல்லலாம் என்பது யூலியனின் கொள்கை. மனித உள்ளம் அத்துணை வலிமையுடையதன்று. மணியோசைக்குப் பித்தர் கூடுவது போலவே நம் ஆசைகளும் எண்ணங்களும் பொருளறியாது கூடிப் பிரார்த்திக்கின்றன என்பது மடாலோவின் கொள்கை. எக்கொள்கை வென்றது என்று தேடுவோர் கவிதையிலே விடை காணாது மயங்குகின்றனர். அம்மயக்கத்துக்குக் காரணம் அவர்கள் தவறான வினாவை எழுப்பியமையே.

மறுநாட் காலையிலே யூலியன் தன் கொள்கைக்குக் குழந்தையைச் சான்றாகக் காட்டுகின்றான். முன்னர்த் தான் எடுத்துச் சீராட்டிய அக்குழந்தையோடு பிலியட்ஸ் பந்துகளை உருட்டி விளையாடியவன், தந்தை வந்ததும் அவளைச் சுட்டி, தளையறியாத இயற்கை இன்பம் இதோ என்கின்றான். மடாலோ தன் கொள்கைக்குப் பித்தனைச் சான்றாகக் காட்ட முற்படுகின்றான். யூலியனைப் போலவே பேசிய ஒருவன் இன்று அவ்விடுதியில் இருக்கின்றான். அவனைக் கண்டால் இத்தகைய கொள்கைகளின் பயனின்மை விளங்கும் என்கின்றான். யூலியனும் மறுக்கவில்லை, தன் கட்சிக்கே அவன் சான்றாவான் என்று நம்பிச் செல்கின்றான். ஆகவே, இருவரும் ஒரு நோயாளியைக் காணச் செல்வது இரக்கத்தினாலன்று, வழக்கிலே வெல்லுதற்காக. ஊரின் பிற காட்சிகளைக் காண்பது போலவே அவனையும் காணச் செல்கின்றனர். அவன் அறியாதவாறு பின்னே நின்று அவனுடைய அந்தரங்கப் புலம்பலைக் கேட்கின்றனர்.

கேட்டு முடிந்ததும் வழக்கு மறந்துபோகின்றது. யார் வென்றார் என்று இருவருள் ஒருவரும் கூறவில்லை. கண்ணீரோடு வெளியேறி, மாளிகைக்குத் திரும்பி, விடியும்வரை அவனைப் பற்றியே பேசுகின்றனர். சான்றாக அழைக்கப்பட்டவன் வழக்கையே கலைத்துவிட்டான். பிறர் துன்பம் ஒரு கொள்கைக்கு எடுத்துக்காட்டாக அமைய மறுக்கும் என்பதே கவிதை நிறுவும் உண்மை. எக்கட்சி வென்றது என்று வினவுவோர், விடுதியின் வாயிலில் நண்பர் இருவரும் விட்டுச் சென்ற வழக்கைத் தாம் எடுத்துச் சுமக்கின்றனர்.

அப்பித்தன் யார் என்னும் ஆராய்ச்சியும் பெருகியுள்ளது. பெராரா நகரிலே பித்தர் மருத்துவமனையில் அடைபட்டிருந்த இத்தாலியக் கவிஞர் தாசோவைத் தழுவியது என்பர் ஒரு சாரார். 1818இல் ஷெல்லி தாசோவைப் பற்றி நாடகமொன்று எழுதக் கருதியமையை அதற்கு ஆதாரமாக்குவர். ஷெல்லி தம்மையும் மேரியையும் மறைமுகமாகப் பாடினார் என்பர் மற்றொரு சாரார். இவை முற்றாகத் தள்ளத்தக்கன அல்ல. ஆயினும், முன்னுரையிலே ஏனை இருவரின் குணங்களை விரிவாகக் கூறிய கவிஞர், பித்தனைப் பற்றித் தாம் எதுவும் அறிவிக்க இயலாது என்று ஒதுங்கிக்கொண்டமை கருதத்தக்கது. பெயரில்லாதவனாகவே அவன் இருத்தல் வேண்டும் என்பது கவிஞரின் நோக்கம். பெயர் தேடும் ஆராய்ச்சியும் அவனை மீண்டும் ஒரு சான்றாக ஆக்கிவிடுகின்றது.

குறையொன்றும் கூறாது விடலாகாது. கவிதையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் கவரும் அப்புலம்பல், தொடர்பற்றுத் துண்டு துண்டாய் நீள்கின்றது. மனம் சிதைந்தவனின் பேச்சு சிதைந்தே இருத்தல் இயல்பு என்பது உண்மை. எனினும், உரையாடலிலே காக்கப்பட்ட அளவு இங்கே கைந்நழுவுகின்றது. ஒரே துயரம் பல உருவில் மீண்டும் மீண்டும் வருகின்றது. மணற்றிட்டையும் மழைக்காலைப் பொழுதையும் சில சொற்களாலே கண்முன் நிறுத்திய கை, இங்கே நிறுத்தவேண்டிய இடத்தை அறியாது தடுமாறுகின்றது.

பிரிவு

கவிதையின் மிக நுண்ணிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. உள்ளத்தின் வலிமையை நம்பாத மடாலோவே, கைவிடப்பட்ட அப்பித்தனுக்குக் கடலை நோக்கிய அறைகளை ஒழுங்குசெய்து, நூல்களும் சிலைகளும் மலர்ச்சாடிகளும் இசைக்கருவிகளும் அனுப்பியவன். அவ்வறையினின்று எழும் இசை கேட்டு ஏனைய நோயாளரும் அமைதியுறுகின்றனர். இவற்றை அவன் பெருமையாகக் கூறவில்லை. யூலியன் வியந்தபோது, தான் அந்நிலையுற்றால் அவனும் இவ்வாறே செய்திருப்பான் என்று எளிதாகக் கடந்து போகின்றான். மனித உள்ளத்தைத் திருத்தலாம் என்று வாதிட்டவன் யூலியன். திருந்தாது என்று கூறிக்கொண்டே உதவி செய்தவன் மடாலோ.

யூலியன் என் செய்தான்? வெனிசிலே தங்கிவிட்டால் எத்துணை நலம் என்று கனவு காண்கின்றான். வண்டியோசை இல்லாத நகர். ஓடத்திலே சிறு விளக்கொளியில் எவர் இடையூறுமின்றிப் படிக்கலாம், எழுதலாம். ஓவியங்களும் சிலைகளும் உண்டு. நட்பினனின் உரை உண்டு. அனைத்துக்கும் மேலாக, அப்பித்தனோடு நாடோறும் பழகி, அவன் நெஞ்சின் இருட்குகைக்கு ஒரு வாயில் தேடிப் பார்க்கலாம். ஆனால், தன் அலுவல்கள் அழைத்தன என்று காரணங் கூறி மறுநாளே புறப்படுகின்றான். புறப்படும் வேளையிலே நகர் அவனுக்கு ஒளிமிக்கதாகவே தோன்றுகின்றது.

இவ்விடத்திலே ஷெல்லி தம்மைத் தாமே நடுநின்று நோக்குகின்றார். யூலியனைக் கடிந்தொரு சொல்லும் இல்லை. காக்க முயன்றொரு சொல்லும் இல்லை. உயர்ந்த எண்ணம், உண்மையான கண்ணீர், உடனடியான பயணம் என்னும் மூன்றும் அருகருகே வைக்கப்படுகின்றன. நகையாடுதற்கன்றி இடித்துரைத்தற்காகவே நட்பு எனக் கொண்டார் வள்ளுவர். மடாலோ வாதத்தால் இடித்துரைத்தது யூலியனின் நெஞ்சிற் படவில்லை. தான் சொல்லாமற் செய்த செயலால் இடித்துரைத்தது கவிதையின் நெஞ்சிற் பதிந்துள்ளது.

சொல்லாது விட்டவை

கவிதைக்குப் பின்னால் உள்ள வாழ்க்கை இதனினும் கொடிது. கிளேர் தம்முடன் தனித்து வந்ததை மறைப்பதற்காக, குடும்பத்தினர் யாவரும் அருகிலுள்ள பதுவாவிலே தங்கியிருப்பதாகப் பைரனிடம் ஷெல்லி கூறினார். பைரன் எஸ்தே என்னும் ஊரிலிருந்த தமது வாடகை வீட்டை அவர்கட்கு அளிக்க முன்வந்தார். கூறிய பொய் மெய்யாதல் வேண்டி, மேரி உடனே புறப்பட்டு வருமாறு ஷெல்லி எழுதினார். வெப்பமிக்க காலத்திலே ஓராண்டு நிரம்பாத மகள் கிளாராவுடன் மேரி நெடுவழி கடந்து வந்தார். வழியிலே குழந்தை நோயுற்றது. பின்னர் மருத்துவம் நாடி வெனிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1818 செப்டெம்பர் 24ஆந் திகதி அந்நகரிலே இறந்தது. அதன் உடல் லீடோவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. ஒரு தாய் தன் குழந்தையைக் காணும்பொருட்டு மேற்கொண்ட பயணத்தால் மற்றொரு தாய் தன் குழந்தையை இழந்தார்.

கவிதையின் கையெழுத்துப் பிரதி 1819 ஆகஸ்டிலே, பெயர் கூறாது வெளியிடுமாறு, லீ ஹண்டுக்கு அனுப்பப்பட்டது. அப்போது கிளாரா மறைந்து ஓராண்டு நிறையும் காலம். கவிதை லீடோவின் மணலிலேதான் தொடங்குகின்றது. அம்மணலிலுள்ள சிறு புதைகுழியைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு கவிதையை அளத்தல் முறையன்று. எனினும், நண்பனின் நகரை விட்டு எளிதாக நீங்கிய யூலியனை ஷெல்லி ஏன் இத்துணைக் கண்டிப்போடு நோக்கினார் என்பதற்கு இம்மௌனம் ஒருவாறு விடை பகர்கின்றது.

கவிதை முடியுமிடத்திலே யூலியன் பல்லாண்டு கழித்து வெனிசுக்கு மீண்டு வருகின்றான். மடாலோ ஆர்மீனிய மலைநாட்டிலே பயணஞ் செய்கின்றான். அன்று பந்து உருட்டிய குழந்தை இன்று பண்பிற் சிறந்த மங்கையாய் அவனை வரவேற்கின்றாள். பித்தனின் பிற்கால வரலாற்றை அவளே கூறுகின்றாள். பிரிந்து சென்ற பெண் மீண்டு வந்ததையும் மறுபடி பிரிந்ததையும் கூறி நிறுத்துகின்றாள். யூலியன் வற்புறுத்திக் கேட்க, எஞ்சியதையும் சொல்கின்றாள். ஆனால் கவிஞர் அதனைப் படிப்போர்க்குச் சொல்ல மறுத்துவிடுகின்றார். முன்னொரு நாள் மறைந்து நின்று கேட்டதற்கு இது கழுவாய் போலும். இம்முறை துன்பம் காட்சியாக்கப்படவில்லை, சான்றாக்கப்படவுமில்லை, காக்கப்படுகின்றது.

அக்குழந்தையின் மூலவடிவமாகிய அலெக்ரா வளர்ந்து மங்கையாகவில்லை. பாஞ்ஞாகவல்லோவிலுள்ள கன்னியர் மடத்திலே, 1822 ஏப்ரல் 20ஆந் திகதி, ஐந்து வயதிலே அவள் இறந்தாள். அவ்வாண்டு யூலை 8ஆந் திகதி ஷெல்லியும் கடலில் மூழ்கி இறந்தார். கவிதையை 1824ஆம் ஆண்டிலே, கணவரின் மறைவுக்குப்பின் வெளிவந்த தொகுதியிலே, மேரியே அச்சேற்றினார். வெனிசிலே தம் மகளை இழந்த அவர், அந்நகரிலே ஒரு மகள் வளர்ந்து நிற்பதாகப் பாடிய அடிகளைத் தம் கையாலே படியெடுத்து உலகுக்களித்தார். நகர்க்காட்சியைப் பாடிய கவிதைகள் பலவற்றுள் ‘யூலியனும் மடாலோவும்’ நிலைத்து நிற்பதற்குக் காரணம், காட்சியின் அழகை அது மறுத்தமையன்று. அவ்வழகைக் காணவந்த விருந்தினன், தான் கண்டவற்றுக்கும் கேட்டவற்றுக்கும் கடன்பட்டவன் என்பதையும், அக்கடனைத் தீர்க்காமலே அவன் பெரும்பாலும் ஊர் திரும்புகின்றான் என்பதையும் மறையாது கூறியமையே எனலாம்.